குதிரைக்கு இடம் இருந்த தபாலாபீஸ்

அந்தக் கட்டடத்தைப் படம் எடுக்க வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறார்கள். செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள், சென்னையிலிருந்து கோயிலுக்கு வந்த கையோடு கேமராவும் கொண்டுவந்த பிள்ளைகள். பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு வளைவைப் பார், தூணைப் பார் என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறார்கள். போன மாதம் ஒரு பெண் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணே கலங்கிவிட்டாள். "எவ்ளோ அழகான போஸ்ட் ஆபீஸ் ஆன்ட்டி, யாரு இப்படி விட்டது?" என்று வழியில் போன என்னைக் கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். எனக்குத் தெரியும். அதைப் பூட்ட வைத்தது நான்தான்.

ஏழு வருடம் அங்கே போஸ்ட்மாஸ்டராக இருந்தேன். வீடு கீழ்பென்னாத்தூரில். மாமனார் வழியில் நெல்லும் மல்லாட்டையும் விளைகிற நிலம் கொஞ்சம் உண்டு. மற்றபடி என் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது. காலை ஏழரை பஸ்ஸைப் பிடித்தால்தான் கவுண்டரை நேரத்துக்குத் திறக்க முடியும். சாயந்திரம் கணக்கு முடித்து, மூட்டை கட்டி வண்டியில் ஏற்றிவிட்டு வீடு வந்து சேர ஏழு ஆகிவிடும். இந்த நேரக் கணக்கை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

கட்டடம் அழகுதான். நான் இல்லை என்று சொல்லவில்லை. முன்பக்கம் மூன்று வளைவு, அதைத் தாங்கும் உருண்டைத் தூண்கள், உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் கூரை. தேக்கு உத்திரம், அதன் மேல் நெருக்கமாகச் சட்டங்கள், சட்டங்களுக்கு மேல் செங்கல்லைச் சாய்த்து நிறுத்திச் சுண்ணாம்பு போட்டு இறுக்கிய மெட்ராஸ் டெரஸ். சுவர் இரண்டு அடிக்குக் குறையாது. சித்திரை வெயிலில், மலை பகலெல்லாம் குடித்த சூட்டை ஊர் மேல் கொட்டுகிற நாட்களில்கூட உள்ளே வந்தால் உடம்பு அடங்கும். கையெழுத்துப் போட வருகிற கிழவர்கள் வேலை முடிந்தும் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் போவார்கள். நான் எழுப்புவதில்லை.

வெள்ளைக்காரன் தாசில்தாருக்காகக் கட்டியது என்று சிலர் சொல்வார்கள். தந்தி ஆபீஸுக்கென்றே கட்டியது என்று சிலர். வரிக் கணக்குப் பார்க்க ஜமாபந்திக்கு வரும் துரைகள் தங்குகிற பங்களா என்றும் ஒரு கதை உண்டு. ஆளாளுக்கு ஒன்று அளந்துவிடுவார்கள். உண்மையை நான் ஒரு நாள் பின்னறையில் கண்டெடுத்தேன். பழைய ஸ்டாக் புத்தகங்களுக்கு அடியில், துணி ஒட்டிய கெட்டிக் காகிதத்தில் கட்டடத்தின் வரைபடம் இருந்தது. தபாலாபீஸுக்கென்றே, ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் கட்டியிருக்கிறார்கள். கடிதம் பிரிக்கிற கூடம், பணப்பெட்டி அறை, தந்தி அறை, பின்னால் போஸ்ட்மாஸ்டர் குடும்பத்தோடு இருக்க இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும். தபால்பை சுமந்து ஓடி வருகிறவர்கள் இளைப்பாற ஒரு தாழ்வாரம். தபால் வண்டிக் குதிரைக்கு ஒரு கொட்டகை, அதன் பக்கத்தில் அது தண்ணீர் குடிக்கக் கல்தொட்டி. எல்லாவற்றுக்கும் சிவப்பு மையில் நீள அகலம் போட்டிருந்தது.

பெண்கள் போக ஓர் இடம் மட்டும் இல்லை. அந்தக் கட்டடத்தில் ஒரு பெண் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்ப்பாள் என்று அந்தப் படத்தை வரைந்தவன் நினைத்திருக்க மாட்டான். குதிரை வரும், தாகமாக இருக்கும் என்று நினைத்தவனுக்கு நான் வருவேன் என்று தோன்றவில்லை. பின்னால் இருந்த வீட்டுப் பகுதி எனக்கு முன்பே பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்தது. அதிலிருந்த கழிப்பறையின் கூரை விழுந்து வேப்பமரம் முளைத்திருந்தது. ஆண்கள் கொட்டகைச் சுவரோரம் போய்க்கொண்டார்கள். எனக்கு எதிர் லாட்ஜ்தான் கதி. அங்கே இருந்த மேனேஜர் நல்ல மனுஷர், சாவி கொடுப்பார். ஆனால் பத்துப் பேர் நிற்கும்போது "இன்னா மேடம், பாத்ரூமுக்கா?" என்று உரக்கக் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார். பௌர்ணமிக்கு மலை சுற்றக் கூட்டம் வந்தால் லாட்ஜில் மூச்சுவிட இடம் இருக்காது, சாவியும் கிடையாது. அதனால் காலையில் வீட்டில் காபி குடிப்பதை நிறுத்தினேன். பிறகு மதியம் சாப்பிடும்போது தண்ணீர் குடிப்பதையும் நிறுத்தினேன். வருடத்துக்கு இரண்டு தடவையாவது நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாகப் படுத்துவிடுவேன். டாக்டர் ஒவ்வொரு முறையும் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். வயிற்றெரிச்சல் தாங்காமல் ஒரு முறை அவரிடமே சிரித்துவிட்டேன்.

என்னோடு அங்கே இருந்த இன்னொரு பெண், ஆபீஸைக் கூட்டிப் பெருக்குகிற அக்கா. நான் அந்த ஆபீஸுக்கு வரும்போதே அவர் பன்னிரண்டு வருடம் முடித்திருந்தார். பகுதிநேர வேலை. வருகைப் பதிவேட்டில் பெயர் கிடையாது. எந்த ஆபீஸில் பெருக்குகிறார்களோ அந்த ஆபீஸின் சில்லறைச் செலவில் அவர்கள் கூலி வரும். ஆபீஸ் இருந்தால் கூலி, இல்லையென்றால் இல்லை. என்றாவது ஒரு நாள் நிரந்தரம் ஆக்குவார்கள் என்று வந்துபோன போஸ்ட்மாஸ்டர் எல்லோரும் சொல்லிவைத்திருந்தார்கள். நானும் சொன்னேன். கணவர் இல்லை, ஒரே மகள், கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து திரும்பி வந்து அம்மாவோடு இருந்தாள். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது இந்தக் கூலியிலும், மதியத்துக்கு மேல் அவர் போய்ப் பாத்திரம் தேய்த்த இரண்டு வீடுகளாலும்தான்.

பெருக்குவது மட்டுமா அவர் வேலை? விலாசமே இல்லாத ஊர் எங்கள் ஊர். மலை சுற்றும் பாதையில் இருக்கிற சாமியார்களுக்கு வீடு ஏது, கதவு எண் ஏது? 'போஸ்ட்மாஸ்டர் மூலமாக' என்று எழுதித்தான் அவர்களுக்குக் கடிதம் வரும். அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த உறை யாருடையது என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் மறக்க மாட்டார். யார் எந்த மண்டபத்தில் படுக்கிறார், யார் வடக்கே போயிருக்கிறார், யார் செத்துப்போனார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் கடிதம் வந்துகொண்டிருந்த ஒரு சாமியார் இறந்ததைச் சொன்னதும் அவர்தான். அந்தக் கடிதங்களை நான் திருப்பி அனுப்பத் தொடங்கினேன்.

கழிப்பறை வேண்டும் என்று நான் கோட்ட அலுவலகத்துக்கு நான்கு முறை எழுதினேன். முறையாக, மரியாதையாக, மகளிர் ஊழியர் நலன் கருதி என்று தொடங்கி. இரண்டுக்குப் பதிலே இல்லை. ஒன்றுக்கு, நிதி வரும்போது கவனிக்கப்படும் என்று வந்தது. கடைசிக் கடிதத்துக்கு, ஏற்கெனவே பதில் சொல்லப்பட்டுவிட்டது என்று ஒரு பதில்.

ஒரு கூட்டத்துக்குப் போனபோது அங்கே ஃபைல் பார்க்கிற குமாஸ்தா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்த, எல்லா ஓட்டையும் தெரிந்த மனிதர்.

"இன்னாம்மா நீங்க, சின்னப் புள்ளையாட்டம் எழுதறீங்க. கக்கூஸ் வேணும்னு கேட்டா எவன் வருவான்? கட்டடம் டேஞ்சர்னு எழுதுங்க. எப்ப வேணா இடிஞ்சு விழும்னு எழுதுங்க. அப்படி ஒரு காகிதம் வந்துட்டா ஆள் அனுப்பியே ஆவணும். வந்த இன்ஜினியர்கிட்ட கக்கூஸையும் சேத்துக் காட்டிடுங்க. ரிப்பேரு எஸ்டிமேட்ல அதுவும் வந்துடும்."

இது அவர் கண்டுபிடித்த வித்தை அல்ல. எங்கள் இலாகாவில் எல்லோரும் எழுதுவது இப்படித்தான். மின்விசிறி மெல்லச் சுற்றினால் தீ விபத்து அபாயம் என்று எழுதுவோம். நாற்காலி ஆடினால் ஊழியரின் முதுகெலும்பு என்று எழுதுவோம். உள்ளதை உள்ளபடி எழுதினால் காகிதம் அடியில் போய்விடும். கேட்பதைவிடப் பத்து மடங்கு பயமுறுத்தினால்தான் கேட்டதில் பாதி கிடைக்கும் என்பது, வேலைக்குச் சேர்ந்த ஆறே மாதத்தில் எல்லோருக்கும் பழகிவிடுகிற பாடம். எனக்கு அது முப்பது வருடத்துப் பழக்கம். தந்தி அறைச் சுவரில் ஒரு விரிசல் இருந்தது நினைவுக்கு வந்தது. ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸிலேயே கடிதத்தை மனசுக்குள் எழுதி முடித்துவிட்டேன்.

மறுநாள் மதியம் கூட்டம் குறைந்ததும் ஸ்டூலில் ஏறி என் செல்போனில் அந்த விரிசலைப் படம் எடுத்தேன். நேராக எடுத்தால் அது ஒரு கோடு, அவ்வளவுதான். அக்காவை டார்ச் பிடிக்கச் சொன்னேன். பக்கவாட்டில், சுவரோடு ஒட்டிப் பிடித்தால் நிழல் விழுந்து விரிசல் பள்ளமாகத் தெரிந்தது. "இன்னும் கொஞ்சம் சாச்சுப் பிடிக்கா" என்றேன். அவரும் எக்கி எக்கிப் பிடித்தார். அளவு தெரியும்படி பக்கத்தில் எதையும் வைக்கவில்லை. வேண்டுமென்றேதான் வைக்கவில்லை.

படத்தைக் காட்டினேன். அக்கா பயந்துவிட்டார்.

"இன்னா மேடம், மலை பொளந்தாப்ல கீது. இத்த அனுப்பிச்சா ஆபீஸ மூடிட மாட்டாங்களா?"

"கவர்மெண்ட் ஆபீஸ யாருக்கா மூடுவாங்க? கக்கூஸ் கட்டித் தருவாங்க. உனக்கும் சேத்துதான்."

"எனக்கு இன்னா மேடம், நான் எங்கனா போய்க்குவேன். வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

"ஒண்ணும் ஆவாது. நான் இருக்கேன் இல்ல."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொன்னேன். எத்தனை முறை யோசித்தாலும் சொன்னேன் என்பது மாறவில்லை.

கடிதத்தில் உத்திரம் தாழ்ந்திருக்கிறது என்று எழுதினேன், தாழவில்லை. மழையில் சுவர் ஊறுகிறது என்று எழுதினேன். நான் இருந்த ஏழு மழைக்காலத்தில் ஒரு சொட்டு உள்ளே வந்ததில்லை. பொதுமக்கள் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று முடித்தேன். அந்த வரி பிடித்திருந்தது. இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் முத்திரை வைத்தேன்.

மூன்றாவது வாரமே இன்ஜினியர் வந்தார். நான்கு கடிதத்துக்கு அசையாதவர்கள் ஒரு பொய்க்கு ஜீப்பில் வந்து இறங்கினார்கள். சின்ன வயசுதான், விவரமானவர். விரிசலைத் தட்டினார், சுரண்டினார், சிரித்துவிட்டார்.

"இது சுவத்துல இல்ல மேடம், பூச்சுல. சுண்ணாம்புச் சுவத்து மேல எவனோ பின்னால சிமெண்டு பூசியிருக்கான். அது ஒட்டாது, வுட்டுடும். உள்ள சுவர் இரும்பாட்டம் இருக்கு. இன்னும் நூறு வருஷம் நிக்கும்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. சரி, சார், அப்படியே பின்னால் வாங்க, என்று கழிப்பறை கட்ட வேண்டிய இடத்தைக் காட்டினேன். பார்த்தார், குறித்துக்கொண்டார். போகும்போது என் கடிதத்தின் நகலை எடுத்து நடுவில் விரலை வைத்து நின்றார்.

"எழுத்துல இப்படிக் குடுத்திருக்கீங்களே மேடம். போஸ்ட்மாஸ்டரே உயிருக்கு உத்தரவாதம் இல்லைன்னு சொல்லியிருக்காங்க. நான் நல்லா இருக்குனு எழுதிட்டுப் போயி, நாளைக்கு ஒரு துண்டு காரை யாரு தலையிலயாவது விழுந்துச்சுனா? உங்க காகிதத்த எடுத்து என் மூஞ்சிலதான வீசுவாங்க? நான் உங்க ஸ்டேட்மெண்ட ஒத்துக்கறதுதான் எனக்கு சேஃப்டி."

நான் மாற்றி எழுதித் தருகிறேன் என்றேன். ஒரு முறை அபாயம் என்று எழுதிவிட்டு மறுமுறை இல்லை என்று எழுதினால் என்னை விசாரிப்பார்கள் என்றார். அது நிஜம். எனக்கும் தெரிந்ததுதான். எங்கள் ஃபைலில் அபாயம் என்ற சொல் ஒரு முறை ஏறிவிட்டால் அதை இறக்க எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட மாட்டான். நான் அவரை அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. விசாரணை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

உத்தரவு வந்தது. என் கடிதத்தின் எண்ணையும் தேதியையும் முதல் வரியிலேயே போட்டிருந்தார்கள். பொதுமக்கள் பாதுகாப்பை முன்னிட்டு அலுவலகம் தற்காலிகமாக ஊரின் மறுபக்கத்திலுள்ள பெரிய அலுவலகத்தோடு சேர்க்கப்படுகிறது. தற்காலிகம் என்ற சொல்லைப் பார்த்து ஊரில் யாரும் ஏமாறவில்லை. ஒரே நாளில் கம்ப்யூட்டர், பதிவேடு, தராசு எல்லாம் வேனில் ஏறின. அக்காதான் எல்லாவற்றையும் துடைத்துத் துடைத்து எடுத்துக் கொடுத்தார். கடைசியில் காலியான கூடத்தையும் ஒரு முறை பெருக்கினார். எதுக்கு என்று கேட்டேன். குப்பையாகக் கிடந்தால் நல்லாவா இருக்கும் என்றார். கேட்டில் ஆபத்தான கட்டடம் என்று தகரப் பலகை மாட்டினார்கள். பெஞ்சில் தூங்கிய கிழவர்கள் இரண்டு மைல் ஆட்டோவில் வரவேண்டியதாயிற்று. பாதிப் பேர் வரவில்லை.

புது ஆபீஸில் டைல்ஸ் போட்ட, ஓடுகிற தண்ணீரும் உள்தாழ்ப்பாளும் கொண்ட பெண்கள் கழிப்பறை இருந்தது. நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. முதல் நாள் அதற்குள் நின்று குழாயைத் திறந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். காலையில் மறுபடி காபி குடிக்க ஆரம்பித்தேன்.

அந்த ஆபீஸில் பெருக்குவதற்கு இரண்டு பேர் ஏற்கெனவே இருந்தார்கள். அக்காவுக்கு அங்கே இடம் இல்லை, கூலி எழுத வழியும் இல்லை. யாரும் அவரை நிறுத்தவில்லை. நிறுத்துவதற்குக்கூட ஒரு காகிதம் வேண்டுமே, அவருக்கு எந்தக் காகிதமும் இருந்ததில்லை. அவர் பாட்டுக்கு எட்டு நாள் தினமும் நடந்து வந்து, என் மேசையைச் சுற்றி மட்டும் பெருக்கிவிட்டுப் போனார். ஒன்பதாம் நாள் அங்கே பெருக்குகிற பெண்களில் ஒருத்தி துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. நான் கவுண்டரில் குனிந்து ஏதோ முத்திரை குத்திக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்துத் தலை வாரி, வெளுத்த சேலை கட்டிக்கொண்டு அக்கா வந்தார். வரிசையில் நின்றே வந்தார். மகள் யாரோ வக்கீலிடம் கூட்டிப்போயிருக்கிறாள். பத்தொன்பது வருடம் பழைய ஆபீஸில் வேலை பார்த்தார் என்று, அங்கே போஸ்ட்மாஸ்டராக இருந்த நான் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்து ஒரு காகிதம் தந்தால் போதும், வழக்குப் போட்டு வேலையை வாங்கிவிடலாம் என்று அந்த வக்கீல் சொல்லியிருக்கிறார்.

"ரெண்டு வரி போதும் மேடம். நீங்க பாத்ததத்தான எழுதப்போறீங்க."

நாளைக்கு வாக்கா என்றேன். அன்று மாலை அந்தக் குமாஸ்தாவுக்கே போன் போட்டேன். எழுதிவிடாதீர்கள், கையெழுத்து யாருடையதோ அவர்தான் கோர்ட்டில் நிற்க வேண்டிவரும், ரிட்டையர் ஆக மூன்று வருடம்தானே இருக்கிறது, பென்ஷனில் கை வைத்துவிடுவார்கள் என்றார். அவர் அப்படிச் சொல்வார் என்று தெரிந்துதான் போன் போட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் அக்காவிடம், அதுக்கெல்லாம் ரூல் இல்லக்கா என்றேன்.

அவர் கவுண்டர் கண்ணாடிக்குக் கிட்டே வந்தார். "அந்த சுவத்தப் பத்தி அம்மாம் எழுதினீங்களே மேடம், நான்தான டார்ச்சு புடிச்சேன். அதுக்கு ரூல் இருந்துச்சா?" என்றார். பின்னால் நின்றவர் பார்சலை முன்னே நகர்த்தினார். நான் பார்சலை வாங்கித் தராசில் வைத்தேன். நிமிர்ந்தபோது அவர் இல்லை.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். கட்டடம் அப்படியே நிற்கிறது; இத்தனை மழைக்கும் ஒரு செங்கல் விழவில்லை. அக்கா மகளோடு பெங்களூர்ப் பக்கம் போய்விட்டதாகப் பழைய ஆபீஸ் வாசலில் பூ விற்கிற அம்மா சொன்னார், எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை. அவர் கேட்ட இரண்டு வரியை இப்போது எழுதுகிறேன். இந்த ஊரின் அந்தத் தபாலாபீஸில் ஒரு பெண் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தார். அதில் கடைசி ஏழு வருடத்தை என் கண்ணால் பார்த்தேன். இதற்கு முத்திரை கிடையாது, எந்தக் கோர்ட்டிலும் செல்லாது. செல்லாது என்பதால்தான் எழுத முடிகிறது. அப்படியும் அவர் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. பெயரை எழுதினால் அந்தப் போஸ்ட்மாஸ்டர் யார் என்று தெரிந்துவிடும்.